குடியானவர் குடும்பத்தின் வரவு செலவு
(ஈகை, சேமிப்பு, சிக்கனம் ஆகிய மூன்றையும் பற்றிய பாடம்)

மணவாள நகர் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது

நல்ல விதை, போதிய எரு, காலத்தில் நீர் ஆகிய மூன்றும் அமைந்தால் மகசூல் பெருகும் என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். பெருகிய மகசூல் வீட்டில் தங்குவதற்கு வேண்டிய வழிகளையோ நாம் அவ்வளவாக ஆராய்வதில்லை. ஒரே ஏரியின் பாசனத்தில், ஒரே ரக நெல்லைப் பயிரிட்டு, ஏறக்குறைய ஒரே அளவு மகசூல் கண்ட இரண்டு குடும்பங்களில் ஒன்று அறுவடை முடிந்ததும் அடகு வைத்த நகையை மீட்கிறது. மற்றொன்று அடுத்த நடவுக்குப் புதிதாக அடகு வைக்கிறது. இந்த வித்தியாசத்திற்குக் காரணம் வயலில் இல்லை. வீட்டுக் கணக்கில் இருக்கிறது. ஆகையால் இந்த மாதத்துப் பாடமாகக் குடும்பத்தின் வரவு செலவை எடுத்துக் கொள்வோம்.

1. வரவுக்கும் செலவுக்கும் உள்ள காலப் பொருத்தம்

மாதச் சம்பளக்காரருக்கு வருஷத்தில் பன்னிரண்டு முறை வரவு உண்டு. குடியானவருக்கோ இரண்டு அல்லது மூன்று முறைதான். நம் திருவள்ளூர்ப் பிரதேசத்தில் சொர்ணவாரி நெல் ஆடி, ஆவணியிலும், சம்பா நெல் தை மாதத்திலும், நவரை நெல் சித்திரையை ஒட்டியும் களத்திற்கு வருகின்றன. செலவுகள் இந்தக் காலங்களைப் பார்த்து வருவதில்லை. பள்ளிக்கூடச் செலவு ஆனி மாதத்தில் வருகிறது. சம்பா நாற்றங்காலும் நடவும் எருவும் ஆவணி முதல் ஐப்பசி வரையில் பணம் கேட்கின்றன; அதே சமயத்தில் தீபாவளியும் வந்து சேருகிறது. கார்த்திகையில் புயலும் வெள்ளமும் வரக்கூடும். 2015-ம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையையும், 2023-ம் வருஷம் டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் நம் ஜில்லாவார் மறந்திருக்க மாட்டார்கள்.

களத்தில் நெல் குவிந்திருக்கும் பொழுது பணம் நிறைய இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது ஐந்தாறு மாதங்களுக்கான பணம். அதை ஒரு மாதத்து வரவாக எண்ணிச் செலவிடுகிறவர் மற்ற மாதங்களைக் கடனில் கழிக்க நேரிடுகிறது. குடியானவர் கடனில் பெரும்பகுதி வறுமையினால் மட்டும் உண்டானதன்று. வரவும் செலவும் வெவ்வேறு காலங்களில் வருவதனாலும் உண்டாகிறது. இதை உணர்ந்தால் பரிகாரமும் விளங்கும்.

2. களத்து மேட்டின் பழைய முறை

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். இன்றைய திருவள்ளூர் ஜில்லா 1997-ம் வருஷத்தில் பிரிக்கப்படுவதற்கு முன் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னே, 1763-ம் வருஷத்தில் ஆற்காட்டு நவாப் கும்பினியாருக்கு அளித்த ஜாகீரில் இப்பிரதேசம் அடங்கியிருந்தது. அந்த ஜாகீரின் ஏறக்குறைய இரண்டாயிரம் கிராமங்களைத் தாமஸ் பார்னார்டு என்னும் இஞ்சினீயர் 1767-ம் வருஷம் முதல் 1774-ம் வருஷம் வரை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் பொலியைப் பங்கிடுவதற்கு முன்பே கோவிலுக்கும், ஏரி பராமரிப்புக்கும், கணக்கருக்கும், தச்சர், கொல்லர், வண்ணார் முதலிய ஊழியக்காரருக்கும், இன்னும் பலருக்கும் இவ்வளவு மரக்கால் என்று ஒதுக்கி வந்த வழக்கத்தை அக்கணக்குகளில் காணலாம். இந்தப் படிகளுக்கு மேரை, சுதந்திரம் என்ற பெயர்கள் வழங்கின.

அந்தக் காலத்து ஊர் ஏற்பாட்டில் நாம் இன்று ஒப்புக்கொள்ள முடியாத உயர்வு தாழ்வுகள் இருந்தன. அவற்றை விடுத்து, கணக்கு முறையை மாத்திரம் கவனிப்போம். கொடுக்க வேண்டியதை முதலில் அளந்து கொடுத்தார்கள். விதை நெல்லைத் தனியே கட்டி வைத்தார்கள். எஞ்சியதே வீட்டுச் செலவுக்கு என்று கொண்டார்கள். வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் விதைக் கோட்டையை அவிழ்த்துச் சோறாக்கக் கூடாது என்பது குடியானவர் குடும்பங்களின் கண்டிப்பான நியமம். நாம் செய்ய வேண்டியது, நெல்லுக்கு இருந்த அந்த நியமத்தைப் பணத்திற்கும் விதிப்பதே. செலவு போக மிஞ்சினால் கொடுப்போம், மிஞ்சினால் சேமிப்போம் என்று இருப்பவருக்கு எந்த வருஷத்திலும் மிஞ்சாது.

3. திரூர் கிராமம் காட்டிய வழி

ஐக்கிய நாணய சங்கங்களின் சரித்திரத்தில் நம் ஊர்ப் பக்கத்திற்கு ஒரு பெருமை உண்டு. 1904-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. அவ்வருஷம் ஆகஸ்டு 30-ம் தேதி, அச்சட்டத்தின் கீழ்ச் சென்னை மாகாணத்தின் முதல் கிராமச் சங்கமாகப் பதிவு பெற்றது, திருவள்ளூருக்குச் சமீபத்திலுள்ள திரூர்ச் சங்கம். நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், டி.கே.எம். என்ற அடையாளத்துடன் பல நெல் ரகங்கள் வெளிவந்திருப்பதும் இந்தத் திரூரிலிருந்துதான் என்பதை வாசகர் அறிவர்.

சட்டத்திற்கு முன் நடந்த ஆராய்ச்சியும் சென்னையைச் சேர்ந்ததே. 1892-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் சர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்ற உத்தியோகஸ்தரை, ஐரோப்பாவின் விவசாய பாங்குகளைப் பரிசீலித்து வரும்படி நியமித்தார்கள். அவருடைய அறிக்கை 1895, 1897-ம் வருஷங்களில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. இம்மாகாணத்துக் கிராமவாசிகளின் கடன் 45 கோடி ரூபாய் இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். ஜெர்மனி தேசத்தில் ரைபைஸன் என்பவர் நடத்திய முறையே நம் கிராமங்களுக்கு ஏற்றது என்பது அவர் முடிவு.

ரைபைஸனுடைய அனுபவம் நம் விஷயத்திற்கு மிகவும் பொருத்தமானது. அவர் கிராமத் தலைவர் உத்தியோகத்தில் இருந்தவர். 1846-47-ம் வருஷங்களின் பஞ்சத்தில், வேயர்புஷ் என்ற ஊரில் செல்வர்களிடம் பணம் திரட்டி, ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கும்படி ஒரு சங்கம் அமைத்தார். பிறகு 1849-ம் வருஷத்திலும் 1854-ம் வருஷத்திலும் வேறு ஊர்களில் தரும சங்கங்களை ஏற்படுத்தினார். இவை யாவும் செல்வர்களின் ஈகையை நம்பியவை. நாளடைவில் கொடுப்பவர்களின் ஊக்கம் தளர்ந்தது. கடைசியாக 1864-ம் வருஷத்தில், கடன் வேண்டியவர்களே அங்கத்தினராகி, தங்கள் சிறு சேமிப்புகளை ஒன்று கூட்டி, ஒருவர் கடனுக்கு மற்றவர் எல்லோரும் பொறுப்பேற்கும்படியான சங்கத்தைக் கண்டார். அதுவே நிலைத்தது. ஈகை தொடங்கி வைத்த காரியத்தைச் சேமிப்புத்தான் நிலைநிறுத்தியது என்பதை நாம் குறித்துக் கொள்ள வேண்டும்.

1904-ம் வருஷத்துச் சட்டமும் இந்த முறையையே தழுவியது. கிராமச் சங்கங்களின் அங்கத்தினருக்குப் பொதுவாக வரம்பற்ற பொறுப்பு விதிக்கப்பட்டது. லாபத்தை அங்கத்தினருக்குப் பங்கிடாமல் சேம நிதியில் சேர்க்க வேண்டும் என்பதும் விதி. ஒருவர் கட்டத் தவறினால் பக்கத்து வீட்டுக்காரருடைய நிலத்திற்கும் ஆபத்து என்பதால், கடன் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார், திருப்பித் தரும் குணமுடையவரா என்பதை ஊராரே விசாரித்தார்கள். அவ்விதமான விசாரணையை எந்தப் பட்டணத்து பாங்கியும் செய்ய இயலாது.

இந்த இயக்கம் எதிர்பார்த்த அளவுக்கு வளர்ந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். 1951-52-ம் வருஷத்தில் நடந்த அகில இந்திய கிராமக் கடன் பரிசீலனையில், குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3.1 மட்டுமே என்றும், லேவாதேவிக்காரர் கொடுத்தது ஏறக்குறைய 70 என்றும் தெரியவந்தது. பல சங்கங்களில் அங்கத்தினர் கடன் வாங்க வந்தார்களே ஒழிய டிபாசிட்டு வைக்க வரவில்லை. வெளியிலிருந்து வரும் பணத்தைக் கொண்டு மட்டும் நடக்கும் சங்கம், ஊற்றில்லாத கிணற்றில் வாய்க்கால் நீரைப் பாய்ச்சி இறைப்பதற்குச் சமானம்.

4. வட்டியை வருஷக் கணக்காகப் பார்த்தல்

கிராமங்களில் வட்டியை மாதக் கணக்காகவே பேசுவது வழக்கம். "இரண்டு வட்டி" என்றால் அற்பமாகத் தோன்றும். நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்பது வருஷத்திற்கு 24 ரூபாய். மூன்று வட்டி என்பது 36 ரூபாய்.

உதாரணம் ஒன்று. நடவுக்கு 50,000 ரூபாய் வேண்டியிருக்கிறது. மூன்று வட்டிக்கு வாங்கினால் ஆறு மாதத்தில் வட்டி 9,000 ரூபாய். இதே தொகையைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனாக வாங்கி, குறித்த தவணையில் செலுத்துவோருக்கு வட்டி முழுவதையும் தமிழ்நாட்டு சர்க்காரே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. தவணை தவறினால் அச்சலுகை போய்விடும். ஆகவே அறுவடைப் பணத்தில் முதலில் கழிக்க வேண்டியது சங்கத்துத் தவணை.

உதாரணம் இரண்டு. தண்டல் என்னும் நாள் வட்டிக் கடன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, கையில் 8,500 ரூபாய் கொடுத்து, தினம் 100 ரூபாயாக நூறு நாளில் வசூல் செய்வது இதன் வழக்கமான முறை. நூற்றுக்குப் பதினைந்துதானே என்று வாங்குகிறவர் எண்ணுகிறார். தினமும் முதலில் ஒரு பாகம் குறைந்து கொண்டே போவதால், நூறு நாளும் அவர் கையில் இருந்த பணம் சராசரியில் ஏறக்குறைய அதில் பாதிதான். காலமும் ஒரு வருஷமன்று, மூன்று மாதமும் சில நாட்களுமே. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் வட்டி வருஷத்திற்கு நூற்றுக்கு 120 என்ற விகிதத்திற்கு வருகிறது. எந்தப் பயிரும் இந்த வட்டியைத் தாங்காது.

கடுவட்டியைத் தடுக்கச் சட்டங்கள் இல்லாமலில்லை. 1938-ம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், முதலுக்கு இரு மடங்கு செலுத்தியிருந்தால் கடன் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்று விதித்தது. 2003-ம் வருஷத்தில் அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. ஆயினும் சட்டம் காப்பாற்ற வருவதற்குள் நிலம் கைமாறிப் போவதும் உண்டு. வட்டிக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துக் கடனைத் தவிர்ப்பது அதைவிடச் சிறந்த பாதுகாப்பு.

5. மாதிரிப் பங்கீடு

மூன்று ஏக்கர் நஞ்செய், இரண்டு கறவை மாடுகள், காக்களூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு மகன் ஆகியவற்றைக் கொண்ட ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக் கொள்வோம். நெல் விற்ற தொகை வருஷத்திற்கு 2,40,000 ரூபாய் என்றும், சாகுபடிச் செலவு 1,30,000 ரூபாய் என்றும் கொள்வோம். இந்த 1,30,000 ரூபாயை வரவென்று எண்ணவே கூடாது. அது விதை நெல்லைப் போன்றது. களத்திலிருந்து பணம் வந்த அன்றே அடுத்த சாகுபடிக்கு என்று தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். எஞ்சிய 1,10,000, பாலில் மீதி 50,000, மகன் வீட்டுக்குத் தரும் 1,20,000 ஆக மொத்தம் 2,80,000 ரூபாயே குடும்பத்தின் வரவு. அதைப் பின்வருமாறு பங்கிடலாம்.

ஈகையும் பொதுக் காரியமும்: 14,000 ரூபாய்
சேமிப்பு: 42,000 ரூபாய்
இன்ஷ்யூரன்ஸ்: 10,000 ரூபாய்
சாப்பாடு: 96,000 ரூபாய்
பிள்ளைகளின் கல்வி: 36,000 ரூபாய்
வைத்தியம்: 18,000 ரூபாய்
துணிமணி, பண்டிகை: 20,000 ரூபாய்
மின்சாரம், எரிவாயு, பிரயாணம், டெலிபோன்: 30,000 ரூபாய்
வீட்டு மராமத்து: 14,000 ரூபாய்
ஆக மொத்தம்: 2,80,000 ரூபாய்

ஈகைக்கு இருபதில் ஒரு பங்கும், சேமிப்புக்கு நூற்றில் பதினைந்து பங்கும் இதில் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தொகைகள் குடும்பத்திற்குக் குடும்பம் மாறலாம்; வரிசை மாறக் கூடாது. பழைய கடன் உள்ளவர்கள் சேமிப்புப் பங்கில் ஒரு சிறு தொகையை மட்டும் கையிருப்பாக வைத்து, மற்றதை அதிக வட்டியுள்ள கடனை அடைப்பதற்கு முதலில் செலவிட வேண்டும். மூன்று வட்டிக் கடனை அடைப்பது நூற்றுக்கு 36 வட்டி தரும் டிபாசிட்டுக்கு ஒப்பானது. அப்படிப்பட்ட டிபாசிட்டு எந்த பாங்கியிலும் இல்லை.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடப் பக்கத்தில் வரவு, வலப் பக்கத்தில் செலவு. அன்றாடம் இரவு விளக்கு வைத்தபின் ஐந்து நிமிஷம் எழுதினால் ஆயிற்று. வீட்டம்மையார் எழுதுவது மிகவும் நலம். ஏனெனில் அன்றாடச் செலவை நன்கு அறிந்தவர் அவரே. வயல் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதலாகாது.

6. ஈகை

தனக்கு மிஞ்சியே தானம் என்பது பழமொழி. இதைக் கொடுக்காமலிருப்பதற்குச் சாக்காகக் கூறுவோர் பலர். தன் குடும்பத்தின் அவசியத்தை வரையறுத்துக் கொள்பவனுக்கே மிஞ்சும் என்பது அதன் கருத்து. வரையறை இல்லாதவனுக்கு லட்சம் வந்தாலும் போதாது.

முதலாவதாக, மொய்யை ஈகையென்று எண்ணலாகாது. வாங்கிய மொய் திருப்பித் தர வேண்டிய கடனே. புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஜில்லாக்களின் சில பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து வைத்துப் பெருந்தொகை திரட்டும் வழக்கம் உண்டு. அங்கே யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பதற்குக் கண்டிப்பான கணக்கு இருக்கிறது. நம் பக்கத்திலும் கலியாணத்தில் எழுதிய மொய் நோட்டைப் பரணில் போட்டுவிடாமல், வருஷா வருஷம் எடுத்துப் பார்த்து, வரப்போகும் கலியாணங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்னதாக ஒதுக்க வேண்டும். வட்டிக்கு வாங்கி மொய் எழுதுவது, வாங்கிய கடனை வேறு கடனால் அடைப்பதே.

இரண்டாவதாக, ஊர்ப் பொதுக் காரியம். ஏரிக் கரை, மதகு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றிற்கு நாம் கொடுக்கும் பணமும் உழைப்பும் நம் வயலுக்கே நீராகத் திரும்புகின்றன. குடிமராமத்து என்பது பழைய வழக்கம். அதைக் கட்டாயமாக்க 1858-ம் வருஷத்தில் சென்னையில் சட்டமே செய்தார்கள். 2017-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் அதே பெயரில் ஏரி மராமத்தைப் புதுப்பித்தனர். சர்க்கார் தூர் எடுத்த கால்வாயில் மறு வருஷமே ஆகாயத்தாமரையும் குப்பையும் சேருமானால், அதை அகற்றுவது ஆயக்கட்டுதாரரின் ஈகையாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, நம் வயலில் வேலை செய்கிறவர்கள். புரட்டாசி, ஐப்பசியில் வேலை குறைந்த நாட்களில் அவர்களுக்கு வட்டியில்லாமல் ஆயிரம் இரண்டாயிரம் கைமாற்று கொடுத்து உதவினால், அவர்கள் தண்டல்காரரிடம் போகாமல் தப்புவார்கள். நமக்கும் நடவுக் காலத்தில் ஆள் தேடி அலையும் கஷ்டம் குறையும்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாமீன் போடுவது முழுத் தொகையையும் கொடுப்பதற்குச் சம்மதிப்பதாகும். அந்தத் தொகையை இழக்கத் தயாராக இருந்தால் மட்டும் கையெழுத்திடலாம். முகதாட்சிண்யத்திற்காக இட்ட ஒரு கையெழுத்தால் நிலம் ஏலத்திற்கு வந்த குடும்பங்கள் எந்தத் தாலூகாவிலும் உண்டு.

7. சேமிப்பு

சேமிப்பை மூன்று கூறாக வைத்துக் கொள்வது உத்தமம். முதலாவது, மேலே சொன்ன சாகுபடி முதல். இரண்டாவது, ஆபத்து நிதி. குடும்பத்தின் மூன்று மாதச் செலவுக்குக் குறையாமல், நினைத்தவுடன் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, கல்வி, கலியாணம், கிணறு வெட்டுதல் முதலிய நீண்டகாலக் காரியங்களுக்கான நிதி.

முன்னால் சேமிப்பதற்கும் பின்னால் கடன் படுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் பார்க்கலாம். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஐந்து வருஷம் தொடர் வைப்பில் கட்டினால் நாம் போட்டது 60,000 ரூபாய். வட்டி நூற்றுக்கு 6½ என்று கொண்டால் கைக்கு வருவது ஏறக்குறைய 71,000 ரூபாய். சேமிக்காதவர் அதே 71,000 ரூபாயைக் கலியாணத்திற்காக இரண்டு வட்டிக்கு வாங்கினால், ஐந்து வருஷத்தில் வட்டியாக மட்டும் 85,200 ரூபாய் கொடுக்கிறார். முதல் அப்படியே பாக்கி நிற்கிறது.

எங்கே சேமிப்பது என்பது எவ்வளவு சேமிப்பது என்பதைக் காட்டிலும் முக்கியமானது. 1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னையில் பெரும் பேர் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு பாழாயிற்று. துரைமார் கம்பெனி என்ற ஒரே நம்பிக்கையால் போட்ட பணம் அது. அந்த அனுபவத்திலிருந்து எழுந்ததே 1907-ம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்ட இந்தியன் பாங்கி. தொண்ணூறாண்டுகள் கழித்து, அதிக வட்டி ஆசை காட்டிய நிதிக் கம்பெனிகள் பல தமிழ்நாட்டில் முறிந்ததனால், 1997-ம் வருஷத்தில் டிபாசிட்தாரர் நலன் காக்கும் சட்டம் வேண்டியதாயிற்று. வழக்கத்திற்கு மிஞ்சிய வட்டி தருவதாகச் சொல்பவரிடம் முதலே திரும்புவது நிச்சயமில்லை.

தபாலாபீஸ் சேவிங்ஸ் பாங்கி 1882-ம் வருஷம் முதல் நடந்து வருகிறது. அதிலுள்ள பணத்திற்கு மத்திய சர்க்காரே பொறுப்பு. பாங்கிகளில் ஒரு டிபாசிட்தாரருக்கு ஒரு பாங்கியில் முதலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் வரையில் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. இந்த உச்ச வரம்பு 2020-ம் வருஷத்தில் ஏற்பட்டது. ஜில்லா மத்தியக் கூட்டுறவு பாங்கிகளுக்கும் இது பொருந்தும்; கிராமத் தொடக்கச் சங்கங்களுக்குப் பொருந்தாது. ஆகவே கிராமச் சங்கத்தில் டிபாசிட்டு வைப்பவர் அதன் வருஷாந்தரக் கூட்டத்திற்குத் தவறாமல் சென்று தணிக்கை அறிக்கையைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுவது கடமை.

சீட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பதிவு பெற்ற சீட்டு 1982-ம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டத்திற்கு உட்பட்டது. பதிவில்லாத ஏலச் சீட்டிலும் தீபாவளிச் சீட்டிலும் நடத்துபவருடைய நாணயம் ஒன்றே ஜாமீன். சீட்டைத் தள்ளி முதலிலேயே எடுப்பவர் கடன்காரர் என்பதையும், கடைசியில் எடுப்பவரே சேமிப்பவர் என்பதையும் மறக்கலாகாது.

8. சிக்கனம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதே சிக்கனம், போடாமலிருப்பது லோபம். விதை, மண் பரிசோதனை, பிள்ளைகளின் படிப்பு, நோய்க்கு ஆரம்பத்திலேயே வைத்தியம், பயிர் இன்ஷ்யூரன்ஸ் ஆகிய ஐந்திலும் குறைப்பது சிக்கனமாகாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் உணவு தானியப் பயிர்களுக்குக் குடியானவர் கட்ட வேண்டியது, காரீப் பருவத்தில் இன்ஷ்யூர் தொகையில் நூற்றுக்கு 2, ராபிப் பருவத்தில் 1½ என்பதற்கு மிகாது. இதைக் கட்டாமல் விட்டு ஒரு புயலில் முழுவதையும் இழப்பது மிச்சமன்று.

குறைக்கக் கூடியவை வேறு. குறுகிய வயது நெல்லுக்குச் சாதாரண நடவில் ஏக்கருக்கு 24 கிலோ விதை விடுகிறோம். செம்மை நெல் சாகுபடியில் 3 கிலோ போதும். தக்கைப் பூண்டையோ சணப்பையோ விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்து உரச் செலவு குறையும். மண் பரிசோதனைப்படி உரமிட்டால் வேண்டாத மூட்டைகள் மிச்சம். பூச்சி கண்டவுடன் கடைக்காரர் சொல்லும் மருந்தையெல்லாம் வாங்காமல், சேதத்தின் அளவைப் பார்த்து இலாகாவின் யோசனை கேட்டுத் தெளிப்பது நலம்.

வீட்டில் கடன் கணக்கில் சாமான் வாங்குவதை நிறுத்தினாலே பெரும் மிச்சம் உண்டு. 1844-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர் இருபத்தெட்டுப் பேர் பண்டகசாலை தொடங்கியபோது, ரொக்கத்திற்கே வியாபாரம், சரியான எடை, கலப்பில்லாத சரக்கு என்பவற்றையே நியதியாகக் கொண்டார்கள். 1904-ம் வருஷத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையும் அவ்வழியில் வந்ததே. தவணை முறையில் வாங்கும் மோட்டார் சைக்கிளுக்கும் டெலிபோனுக்கும் இதே பரீட்சையை வையுங்கள்: ரொக்கம் கொடுத்து வாங்குவதானால் இதை வாங்குவோமா? மாட்டோம் என்று தோன்றினால் தவணையிலும் வேண்டாம்.

9. நிலம் விற்ற பணம்

நம் ஜில்லாவுக்கே உரிய ஒரு விஷயத்தை விசேஷமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் தொழிற்பேட்டைகள் ஏற்பட்டு, ரஸ்தாக்களும் மனைப் பிரிவுகளும் பெருகி வருவதனால், மூன்று தலைமுறையாக நெல் விளைந்த நிலங்கள் விலைக்குப் போகின்றன. விற்பதும் விற்காததும் அவரவர் இஷ்டம். ஆனால் நிலத்திற்கு வந்த பணம் வருமானமன்று. அது உருமாறிய நிலம். அதைச் செலவிடுவது விதைக் கோட்டையை அவிழ்ப்பதேயாகும்.

முப்பது லட்சம் ரூபாய் வந்தது என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு 6½ வட்டியில் போட்டால் வருஷத்திற்கு 1,95,000 ரூபாய், அதாவது மாதம் 16,250 ரூபாய் முதல் கரையாமல் வரும். அதில் பாதியை வீட்டு முகப்புக்கும் மோட்டார் வண்டிக்கும் ஆடம்பரக் கலியாணத்திற்கும் செலவிட்டால், மாத வரவும் பாதியாகும். வண்டிக்குப் பெட்ரோல் செலவும் வீட்டிற்கு வரியும் புதிதாகச் சேரும். விளைநிலமோ திரும்பாது. ஆகையால் நிலம் விற்றவர்கள் ஆறு மாதத்திற்கு ஒன்றும் வாங்காமல் பணத்தைப் பத்திரமான இடங்களில் பிரித்துப் போட்டு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கணக்கு வைத்து, கடுவட்டிக் கடனை மட்டும் தீர்த்துவிட்டு, பிறகு நிதானமாக யோசிப்பது நலம். பாசனமுள்ள வேறு நிலம் வாங்குவதும், பிள்ளைகளைத் தொழிற் கல்வியில் சேர்ப்பதும் நிலத்திற்கு ஈடாகக் கூடியவை.

10. கிராமாதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

பயிர்க் கடனுக்கும் இன்ஷ்யூரன்ஸுக்கும் அடங்கல் நகல் வேண்டும். அது ஒரு வாரம் தாமதித்தால் நாற்று முதிர்ந்துவிடும். குடியானவர் அந்த ஒரு வாரத்திற்காக மூன்று வட்டிக்குக் கையேந்த நேரிடும். ஆகவே நடவு சமயத்தில் அடங்கல் கேட்பவரை மறுநாள் வரச் சொல்லாமல் அன்றே கொடுத்தனுப்புவது, அதிகாரிகள் செய்யக்கூடிய பெரிய தருமம். இன்ஷ்யூரன்ஸ் கட்டக் கடைசித் தேதியைச் சாவடியிலும் பால் சங்கத்திலும் பதினைந்து நாள் முன்னதாக எழுதி ஒட்டுங்கள். வெற்றுப் புரோநோட்டிலும் எழுதாத பத்திரத்திலும் யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பாடத்தின் சுருக்கம்

1. சாகுபடிச் செலவை வரவென்று எண்ணாமல் அறுவடை அன்றே தனியே வையுங்கள்.
2. ஈகைக்கும் சேமிப்புக்கும் முதலில் ஒதுக்கி, எஞ்சியதில் செலவிடுங்கள்.
3. வட்டியை மாதக் கணக்கில் கேட்டாலும் வருஷக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.
4. சங்கத்துத் தவணையைத் தவற விடாதீர்கள். சங்கத்தில் கடன் வாங்குபவர் டிபாசிட்டும் வையுங்கள்.
5. மொய் நோட்டைக் கடன் நோட்டாகப் பாவியுங்கள்.
6. அதிக வட்டி ஆசை காட்டும் இடத்தில் முதலைக் கொடுக்காதீர்கள்.
7. விதை, கல்வி, வைத்தியம், இன்ஷ்யூரன்ஸ் ஆகியவற்றில் குறைக்காதீர்கள்.
8. நிலம் விற்ற பணத்தை விதை நெல்லாகக் கருதுங்கள்.

வருகிற அறுவடையில் முதல் மூட்டை விலையாகும் அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மேலே காட்டியபடி பங்கிட்டு ஒரு வருஷம் நடத்திப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்கிறோம். கணக்கு எழுதுவதில் சந்தேகம் உள்ளவர்கள் டிமான்ஸ்டிரேட்டரையோ தங்கள் கிராமச் சங்கத்துக் காரியதரிசியையோ நேரில் கண்டு கேட்டுக் கொள்ளலாம்.